கடைசிப் பக்கம் இல்லாத வியாதி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கையில் ஆங்கில அகராதி கிடைக்கக் கூடாது. எனக்குக் கிடைத்தது.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில், கப்பலேறும் சாக்குகளில் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் எழுதுவது என் வேலை. பொட்டலம் மடிக்க வந்த பழைய தாள்கட்டில், அட்டையும் கடைசிப் பக்கங்களும் போன ஒரு நாவல் இருந்தது. அதில் ஒரு கனவான். தும்மினால் டாக்டரைக் கூப்பிடுவார், காற்றடித்தால் சன்னலைச் சாத்தச் சொல்வார். நாவலாசிரியர் அவரை 'வேலிடியூடினேரியன்' என்கிறார்.

அகராதியைப் புரட்டினேன். தன் உடல்நலத்தைப் பற்றியே ஓயாமல் கவலைப்படுகிறவராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாளுக்கு நாற்பது முறை நாடி பிடித்துப் பார்க்கிற எனக்கும் இங்கிலீஷில் ஒரு பட்டம் இருக்கிறதே! (நாவலாசிரியர் அந்த மனிதரைக் கேலி செய்கிறார் என்பது புரியப் பல வருஷம் ஆனது. அகராதி அர்த்தத்தைச் சொல்லும், நக்கலைச் சொல்லாது.)

அப்போதுதான் வேலை நிரந்தரமாகிற பேச்சு வந்தது. எனக்குப் பேசி வைத்திருந்த ஜமீலாவின் வாப்பா முன்பே சொல்லியிருந்தார்: "பெர்மனென்ட் கடுதாசி வந்தாத்தான் நிக்காஹ், தம்பி." கடுதாசிக்கு முன்னால் ஒரு மருத்துவப் படிவம். 'நோய் ஏதேனும் உண்டா?' இல்லை என்று எழுத மனசாட்சி விடவில்லை. பட்டத்தை எழுதினேன். சாக்கில் எழுதுகிற அதே கொட்டை எழுத்தில்.

மானேஜர் குரியன் படித்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"எந்தாடோ இது? பகருமோ?"

(தொற்றுமா என்கிறார். அவர் நகர்ந்த வேகத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.)

"தெரியல சார். ஒரு நாவல்ல ஒருத்தருக்கு இருந்துச்சு."

"அயாளு பிழைச்சோ?"

"கடைசிப் பக்கம் கிழிஞ்சு போச்சு சார்."

அன்று முதல் என் சாயா கிளாஸ் தனியாக வைக்கப்பட்டது. மட்டாஞ்சேரி டாக்டர் அந்த வார்த்தையை வெகுநேரம் பார்த்தார். தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "கொறச்சு பழைய கேஸாணு. எர்ணாகுளத்துல காணிக்கணும்." எர்ணாகுளத்து டாக்டருக்கும் மனம் வரவில்லை. ரத்தம், எக்ஸ்ரே, மறுபடி ரத்தம். மூன்று வாரம் படகில் போய்ப் போய் வந்து, இல்லாத நோய்க்கு நிஜமாகவே இளைத்தேன். பேர் சொல்ல முடியாத வியாதியாம் என்று ஜமீலா வீட்டுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

கடைசியாக வயதான ஒரு டாக்டரம்மா படிவத்தைப் பார்த்ததும் சிரித்தார். "ஏது புஸ்தகமாணு வாயிச்சது, மோனே?" (எந்தப் புத்தகம் படித்தாய் மகனே என்கிறார்.) பிறகு எழுதிக் கொடுத்தார்: 'நோய் எதுவும் இல்லை. வந்துவிடும் என்ற கவலை மட்டும் உண்டு. அது தீராது. வேலைக்குத் தடையில்லை.'

குரியன் கடைசி வரியை மட்டும் படித்தார். வேலை கிடைத்தது. ஜமீலாவின் வாப்பா அதற்கு முந்தைய வரியிலேயே நின்றுவிட்டார். "தீராதுன்னு எழுதியிருக்கே!"

உள்ளேயிருந்து ஜமீலாவின் குரல் வந்தது: "இவ்வளவு பயந்த ஆளு எங்கே ஓடிப் போகப் போறாரு, வாப்பா?"

நிக்காஹ் நடந்தது. இன்றும் நான் தும்மினால் அடுக்களையிலிருந்து கேட்பாள்: "என்ன, கடைசிப் பக்கம் கிடைச்சிருச்சா?"

கிடைக்கவில்லை. அந்த மனிதர் பிழைத்தாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது.