செம்புழுக்களின் பெரும்பான்மை

எந்தத் தேசப்படத்திலும் இடம் பிடிக்காத நீராழி நாட்டில் இரண்டு ஓடைகள் ஓடின. கிழக்கு மலையிலிருந்து தேனோடை, மேற்கு மலையிலிருந்து செவ்வோடை. எது நலமாக இருக்கிறது என்பதை அந்நாட்டார் பூச்சிகளிடம்தான் கேட்பார்கள். ஆண்டுக்கொரு முறை இந்த ஓடைக்காரர் அந்த ஓடைக்குப் போய்க் கற்களைப் புரட்டுவார்கள். அடியில் மூன்று வால் பூச்சியும், மணலை ஒட்டிக் கூடு கட்டும் புழுவும் இருந்தால் ஓடை நலம். அவை ரோஷக்காரப் பிராணிகள். அழுக்கில் குடியிருக்கச் சம்மதிக்காதவை. சாக்கடையிலும் செழிக்கும் செம்புழு மட்டும் நெளிந்தால், மற்றவை திரும்பும்வரை அந்தக் கரையில் பட்டறை எதுவும் இயங்கக் கூடாது என்பது சட்டம்.

அந்த ஆண்டு தேனோடையின் ஊர்த்தலைவி மரகதவல்லி செவ்வோடையில் கல்லைப் புரட்டினாள். ஒரே செம்புழு. கரை நெடுகச் சாயப்பட்டறைகள். எல்லாம் பேரமைச்சர் தாண்டவராயருடைய மைத்துனரின் சொத்து. "பட்டறைய மூடுங்க" என்று அவள் சொன்னதும் அரண்மனையில் அவசரக் கூட்டம் கூடியது.

மறுபரிசோதனைக்கு ஆணை பிறந்தது. அதற்காகத் தேனோடைப் பூச்சிகளைப் பானைகளில் ஏற்றி, வண்டி வண்டியாகச் செவ்வோடைக்குக் கூட்டி வந்தார்கள். உபசாரத்துக்குக் குறைவில்லை, வரவேற்பு வளைவுகூட உண்டு. பாவம், பார்வையிட ஆள் வருமுன்பே எல்லாம் செத்து மிதந்தன.

அடுத்த ஆணையை வாசிக்கையில் தாண்டவராயர் கண்கலங்கினார். "பூச்சிகளுக்குள் என்ன உயர்வு தாழ்வு? செம்புழுவும் மன்னரின் பிரஜையே! இனி தரம் பார்க்கப்படாது, தலைதான் எண்ணப்படும். பெரும்பான்மையே தீர்ப்பு!"

எண்ணினார்கள். செவ்வோடை அமோக வெற்றி பெற்றது. பட்டாசு வெடித்து ஓயுமுன் செவ்வோடைக் கரைக் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் சொறி கண்டது. அது வெற்றிக் களிப்பில் வரும் அரிப்பு என்று அரண்மனை வைத்தியர் விளக்கமளித்தார்.

அதற்குப் பின் வந்ததுதான் மரகதவல்லியின் தலையில் இடியாக இறங்கியது. பின்தங்கிய தேனோடையை முன்னேற்றும் பொருட்டு, சாயக்கழிவில் பாதி அங்கே திருப்பிவிடப்படுமாம். அவள் ஊரே குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். அழுகை முட்டியது. அழுது பிரயோசனமில்லை என்பதால் முகத்தைக் கழுவிக்கொண்டு சபைக்குப் போனாள்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். தலைய எண்ணித்தான் எல்லாம்னா, நம்ம நாட்டுல சனத்தவிட செம்புழுதானே அதிகம்?"

"அதிலென்ன ஐயம்? அபார வளர்ச்சி!" என்றார் தாண்டவராயர்.

"அதுவும் பிரஜைன்னு ஐயாவே சொல்லிட்டாரு. அப்போ சிம்மாசனத்துல இனிமே எந்தப் புழுவ உக்கார வைக்கறதுன்னும் சொல்லிட்டா, நாங்க மாலை கட்டிருவோம்."

மன்னர் சிகரவர்மர் சிம்மாசனத்தின் இரு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டார். குழந்தைகளின் சொறிக்கு அசையாத மனம் நாற்காலிக்கு அசைந்தது. அன்று மாலைக்குள் பழைய சட்டம் திரும்பியது. பட்டறைகள் மூடப்பட்டன.

மழை செவ்வோடையைக் கழுவிவிட்டது. மூன்று வால் பூச்சிகள் மெல்ல வந்து சேர்ந்தன. மரகதவல்லி அந்தத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

ஓடை தெளியத் தெளிய, தாண்டவராயருக்கும் மைத்துனருக்கும் சபையில் பாதிப் பேருக்கும் அந்நாட்டில் மூச்சு முட்டத் தொடங்கியது. மூட்டை கட்டிக்கொண்டு, தங்களுக்கு ஒத்துவரும் தண்ணீரைத் தேடிப் புறப்பட்டார்கள். எந்த நாட்டில் கரையேறினார்கள் என்று தெரியவில்லை. போன இடத்தில் அமோகப் பெரும்பான்மையோடு ஜெயித்துவிட்டதாக மட்டும் கேள்வி.