பழுத்தது ஒன்றே ஒன்று

அத்திப்பழத்தை விழுங்கிய பிறகுதான் டோர்கிலுக்கு அது எந்தப் பழம் என்று உறைத்தது.

ஸ்வென்போர் ஊரில், அவர்கள் வீட்டுத் தெற்குச் சுவரோரம் நிற்கும் மரம் அது. ஏழு வருடமாக அவர் மனைவி போடில் குளிர்காலம் முழுக்க அதற்கு வைக்கோலும் சாக்கும் சுற்றிப் போர்த்திப் பார்த்துக்கொண்டாள். வருடாவருடம் காய்க்கும், பழுப்பதற்குள் குளிர் வந்துவிடும். இந்த செப்டம்பரில்தான் முதல்முறையாக ஒன்று, பச்சைத் தோல் மாறாமலே பழுத்துத் தொங்கியது. அதைப் பார்க்கத் தோட்டச் சங்கத் தலைவி மெரெட் பதினோரு மணிக்கு வருகிறார். 'பசுமைக்குடில் இல்லாமல் டென்மார்க்கில் அத்தி பழுக்கவே பழுக்காது' என்று கூட்டத்தில் போடிலிடம் அடித்துச் சொன்னவர்.

டோர்கில் மூக்குக்கண்ணாடி போடாமல் தோட்டத்துக்குப் போனதுதான் வினை. தொட்டார், கையோடு வந்துவிட்டது. வந்ததை வாயில் போட்டுக்கொண்டார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு துருக்கிக்காரர் காய்கறிக் கடைக்குப் பறந்தார்.

"பச்சை அத்தி இருக்கா?"

"காலி. கடைசியா இருந்தது நேத்துதான் வித்துப்போச்சு. கறுப்புதான் இருக்கு."

கறுப்பையே வாங்கி வந்து, வெள்ளை நூலால் ஒரு கிளையில் கட்டினார். கிளை தொங்கியது. அவிழ்த்து வேறு கிளையில் கட்டி, இலையால் மறைத்தார்.

போடில் வந்து பார்த்தாள். முகம் வெளுத்தது.

"டோர்கில், இது... நேத்து பச்சையால்ல இருந்துச்சு?"

"பழுத்தா கறுக்காதா?"

"கறுக்கும்... கறுக்கும்" என்று அவசரமாகத் தலையாட்டினாள்.

மெரெட் வந்தார். இலையை விலக்கி, பழத்தை ஒரு விரலால் தொட்டார். அது ஊஞ்சல்போல ஆடியது.

"இது அத்தி மரமா, கிறிஸ்துமஸ் மரமா?"

டோர்கிலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நான்தாங்க! காலையில பழத்தைத் தின்னுட்டேன். இது கடையில வாங்கினது. போடில் மேல எந்தத் தப்பும் இல்ல!"

போடில் கத்தப்போகிறாள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவளோ பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா! தின்னது நீதானா? போனா போகுது, விடு. ஒரு பழம்தானே! காபி போடட்டுமா?"

ஏழு வருட உழைப்பைத் தின்றவனை இப்படி ஒரே வார்த்தையில் மன்னித்துவிட்டாளே! நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியதுபோல டோர்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெரெட் இன்னும் மரத்தைவிட்டு நகரவில்லை.

"டோர்கில், வெள்ளை நூல் உங்களோடது, சரி. மேல் கிளையில பச்சை நூல் ஒண்ணு தொங்குதே, அது யாரோடது?"