முகாமில் நான் செய்த வியாபாரம்

அன்புள்ள மச்சான் ஜோசுவாவுக்கு,

கர்த்தர் கிருபையாலும் முகூர்த்த மாதத்தின் தயவாலும் இங்கே நானும் உன் அக்கா மேரியும் சுகாசினியும் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் அந்தப் பழைய ஸ்கூட்டரும் நலமாக ஓட வேண்டும். போனில் சொன்னால் நடுவிலேயே சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு வந்தும் சுகாசினிக்கு வாசிக்க வரவில்லை, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளியில் முகாம் போடுகிறார்கள், போனால் சிறப்பு ஆசிரியையும் பரீட்சையில் கூடுதல் நேரமும் கிடைக்கும் என்று நீதானே சொன்னாய்? போனேன். ஏலவார்குழலி என்று ஒரு மேடம். "பாப்பா, இதைப் படிக்கிறியா?" என்று அட்டையை நீட்டினார். மச்சான், சைக்கிளில் புடவை மூட்டை கட்டித் தொடங்கி காந்தி ரோட்டில் கடை போட்டவன் நான். பார்க்க வந்தவரிடம் குறையைக் காட்டிப் பழக்கமில்லை. "படிப்பு கெடக்கட்டும் மேடம், கணக்கு கேளுங்க" என்று அட்டையை ஓரங்கட்டினேன். மனக்கணக்கு, பாட்டு எல்லாம் காட்டினேன். அவளிடம் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன்; நல்ல பதில்கள்தான். மேடம் சிரித்து, "சந்தோஷம் சார், போயிட்டு வாங்க" என்றார். சரக்கு தேறிவிட்டது என்று மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்தேன்.

"டீச்சர் எப்பலேர்ந்து வர்றாங்க?" என்றாள் மேரி.

"எதுக்கு டீச்சர்? நம்ம பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லன்னு நிரூபிச்சுட்டேன்ல!"

"ஏன்யா, பொண்ணு பாக்கவா வந்தாங்க, பவுடர் பூசிக் காட்டுறதுக்கு? படிக்க முடியலன்னு புள்ள தெனம் அழுதுக்கினு கீது. அதை யாருகிட்ட சொல்றது?"

மைசூர்பாகு டப்பாவை மூடி வைத்தேன். மறுநாள் சுகாசினியையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். "மேடம், நேத்து சொன்னதெல்லாம் நெஜம். ஆனா..." என்று தொடங்கினேன். சுற்றி வளைத்து மறுபடி கணக்குக்கே வந்து நின்றபோது சுகாசினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இருப்பா. மிஸ், எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு போவுது. காதால கேட்டா புரியுது. கூட குந்திக்கினு மெதுவா சொல்லிக் குடுத்தா நானும் படிப்பேன்."

அவ்வளவுதான் மச்சான், முடிந்தது. இப்போது மேடம் வாராவாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். நேற்று ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸைப் பார்த்து "ஐ...யம்...பேட்டை" என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. போனால் என்ன, வேறு பஸ் வராதா?

மறுநாள் நான் ஓடியிராவிட்டால் இதெல்லாம் நடந்திருக்குமா? அந்தப் பெருமையை மட்டும் எனக்கு விட்டுவிடு. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும் முத்தங்களும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
தனசேகரன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மேடம் கடைப்பக்கம் வந்தார். முகாம் அன்றைக்கே பாப்பா பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டாராம். "அப்புறம் எதுக்கு மேடம் மறுநாள் என்னை அவ்ளோ நேரம் பேச விட்டீங்க?" என்றேன்.

"நீங்க எங்க சார் என்னைப் பேச விட்டீங்க?"