மாட்டுக் கொட்டகையில் ஒரு பங்கர்

மாத்தளை மாவட்டத்தில் மனுஷனைவிட மாட்டுக்கு அதிக மரியாதை கொடுத்தவர் எங்கள் கரண்ட் நானாதான். யட்டவத்தவில் பாதி வீடுகளுக்கு வயர் இழுத்த கை அவருடையது. ஒரு முறை கூரையிலிருந்து வழுக்கி விழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து பால் கறக்க முடியவில்லை.

"மாடுகளை வித்துப்போடுங்களே" என்றார் அவர் மனைவி ராத்தா.

"அவங்களையா? வேற வீட்டுல இவங்க சாப்பிடுவாங்களா?"

தோட்டமொன்றில் துருப்பிடித்துக் கிடந்த பால் கறக்கும் மெஷினைக் கொண்டுவந்தார். மெஷின் ஓடியது, அவர் வாப்பா காலத்துக் கொட்டகைதான் ஒத்துவரவில்லை. இடைச்சுவரை உடைத்தார். கல் தரைக்குச் சிமெந்து பூசினார். அது காயும்வரை மாடுகள் வீட்டு ஹோலில் இருந்தன. ராத்தா குசினி அடுப்போரம் இருந்தார்.

கடைசியாகத்தான் தரையில் கழுத்தளவுக்குப் பள்ளமாக ஒரு கிடங்கு. மாடு மேலே நிற்க, நானா கிடங்குக்குள் நிமிர்ந்து நின்றபடியே மடியில் மெஷினை மாட்டலாம். மண் வெட்டிப்போட்டது, அவர் வீட்டுப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்த நான்.

நாட்டில் சண்டை நடந்த காலம். தமிழன் குடியிருக்கும் வீட்டில் பதுங்கப் பங்கர் வெட்டுகிறார்கள் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, ஆமி ஜீப் வந்துவிட்டது. என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, என்னையும் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கிடங்குக்கு மேலே நானாவின் தலை மட்டும் தெரிந்தது.

"எழும்பி வா!" என்று சார்ஜன் சிங்களத்தில் கத்தினார்.

நானாவும் சிங்களத்திலேயே, "மெதுவாப் பேசுங்க மஹத்தயா. இவங்க பயந்தா பாலை மேல இழுத்துக்குவாங்க" என்றார்.

"அந்தக் குழாயெல்லாம் என்ன?"

பதிலுக்கு நானா சுவிட்சைப் போட்டார். மெஷின் 'டக் டக்' என்றதும் இரண்டு பேர் வைக்கோலுக்குப் பின்னால் பாய்ந்தார்கள்.

"விரலை நீட்டுங்க, காட்டுறேன்."

சார்ஜன் தன் விரலை நீட்டவில்லை. பக்கத்தில் நின்ற இளம் சிப்பாயின் பெருவிரலை நீட்டவைத்தார். மெஷினின் ரப்பர் வாய் அதைக் கவ்விப் பிசைந்தது. பையன் நெளிந்தான், பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தான். "சேர், கூசுது!"

சார்ஜன் என் பக்கம் திரும்பினார். "இவன் யார்?"

"இவனா? கிடங்கு வெட்டினவன்" என்றார் நானா.

எனக்கு உயிர் போய்விட்டது.

"சுவரைப் பாருங்க, எவ்வளவு கோணல்! இவன் பங்கர் வெட்டினா முதல்ல இவன் மேலதான் இடிஞ்சு விழும்."

சார்ஜன் எட்டிப் பார்த்தார். கோணல்தான். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் அட்டை திரும்பி வந்தது. ராத்தாவின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். மெஷின் நிற்காமல் ஓடியது, வாளி நிரம்பியது.

மறுநாள் கந்தோர் வேலைக்குப் போக நான் பஸ்ஸுக்கு நின்றபோது, நானாவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து ஏறினார். மெஷினுக்கு வாஷர் வாங்க வேண்டுமாம். சோதனைச் சாவடியில் எனக்கு முன்னால் இறங்கி நின்றார்.

அந்த மாதம் முழுக்க அவர் அப்படித்தான் வந்தார். ஒரு வாஷர்கூட வாங்கவில்லை.