நிரை பிடித்துச் செய்த கித்தார் கழுத்து

ஒரு வேலையில் கெட்டிக்காரன் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், மனுஷன் அடுத்த வேலையில் தலைகுப்புற விழத் தயாராகிவிடுகிறான். எனக்கு அது இருபத்திரண்டு வயதில் நடந்தது. அதுவும் வீட்டுக்குள்ளேயா விழுந்தேன்? மாரியம்மன் திருவிழாவில், மூன்று தோட்டத்து ஜனங்களுக்கு முன்னால், பெண் கொடுக்க இருந்தவரின் கிரீடத்தையும் தட்டிக்கொண்டு விழுந்தேன்.

நான் கெட்டிக்காரனாக இருந்த வேலை நிரை பிடிப்பது. முதல் பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். மலாயாவில், சிரம்பானுக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் காட்டை வெட்டிப் புதுக் கித்தாக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள் (ரப்பரை நாங்கள் கித்தா என்றுதான் சொல்வோம்). நடுவதற்கு முன்னால் கயிறு கட்டி, கோல் வைத்து அளந்து, குழி வரவேண்டிய இடத்திலெல்லாம் குச்சி அடிக்க வேண்டும். குச்சிக்குக் குச்சி இடைவெளி இம்மியும் பிசகக்கூடாது. என் நிரையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முதல் குச்சிக்குப் பின்னால் மற்றதெல்லாம் ஒளிந்துகொள்ளும். பெரிய துரை ஒருமுறை குதிரையை நிறுத்திப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். குதிரையும் தலையாட்டியதாக நான் எங்கள் குடியிருப்பு வரிசையான லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்த மப்பில் இருந்தபோதுதான் கித்தார் என்ற சீமைத் தந்தி வாத்தியம் ஒன்று வந்து சேர்ந்தது. சின்ன துரை கிளப்புக்குப் போய்விட்டு வந்தவர், அதை ஊன்றுகோல் என்று நினைத்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பங்களாப் படியில் இறங்கியிருக்கிறார். கழுத்து மூன்று துண்டு. குப்பையில் போடச் சொன்னார். நான் கேட்டு வாங்கி, பெட்டியையும் துண்டுகளையும் கோணியில் கட்டி என் அறையில் மாட்டிவைத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. சீமைச் சாமான் ஒன்று வீட்டில் தொங்கினால் ஒரு மதிப்புதானே.

அந்த மதிப்பை என் மாமா சின்னசாமி ஆற்றுக்கு அந்தப்பக்கத் தோட்டத்தில் கொண்டுபோய் விற்றுவிட்டார்.

அங்கே வீராசாமி மண்டோர் என்று ஒருவர். ஆள்களை மேய்ப்பது அவர் தொழில். உயிர் என்னவோ நாடகத்தில். வருஷா வருஷம் திருவிழா நாடகத்தில் அவர்தான் ராஜா. அவர் மகள் ராசம்மாவை எனக்குக் கேட்கத்தான் மாமா போயிருந்தார். மண்டோர் எடுத்த எடுப்பிலேயே, "பையன் என்ன பண்றான்?" என்றாராம்.

"நிரை பிடிக்கிறான். துரையே பாத்துத் தலையாட்டினாரு."

"குச்சி அடிக்கிறவன் ஊர்ப்பட்ட பேரு இருக்கான். வேற என்ன தெரியும்?"

என் மாமாவுக்கு வாயை மூடத் தெரியாது. "கித்தார் வாசிப்பான்ங்க. சின்ன துரை தன் கையாலேயே குடுத்தது" என்று சொல்லிவிட்டார். கழுத்து இல்லாத கித்தார் என்பதை அந்த அவசரத்தில் விட்டுவிட்டார்.

மண்டோர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். அவர் குழுவின் ஆர்மோனியப் பெட்டியை அந்த வருஷம் கரையான் தின்றிருந்தது. "அப்பிடியா? திருவிழாவுக்கு வந்து எனக்கு வாசிக்கட்டும். சபை மெச்சினா அங்கேயே தாம்பூலம் மாத்திக்குவோம். இல்லேன்னா கோலா கிளாவாங் பக்கத்துல தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற ஒரு கிராணி கேட்டுக்கிட்டு இருக்காரு, அவருக்குக் குடுத்துர்றேன்."

எனக்குக் கித்தார் வாசிக்கத் தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு ஒருத்தராவது கேட்டிருக்கலாம். பஜனையில் ஆர்மோனியக்காரர் காப்பி குடிக்கப் போகும் நேரத்தில் நான் உட்கார்ந்து கட்டையை அமுக்கியிருக்கிறேன். மெட்டு பிடிபடும். அவ்வளவுதான் நம் வித்தை.

முடியாது என்று சொல்லிவரத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். வழியில் பசாரில் கருவாட்டுக் கடை முன்னால் ராசம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானே கித்தார்க்காரரு?"

"ம்" என்றேன்.

"நல்லா வாசிங்க. அந்தக் கிராணிக்கு நாப்பது வயசு. பல்லும் எடுப்பு." கருவாட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

போன காரியத்தை மறந்து திரும்பி வந்து பாராங் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தேன். அவள் கிடைக்கவில்லை என்றால் நான் உயிரோடு இருந்து என்ன பிரயோசனம் என்று தோன்றிவிட்டது. கருவாடு வாங்கும் நேரத்துக்குள் இவ்வளவும் தோன்றும் வயது அது.

மரத்துக்கு நான் எங்கே போவேன்? காற்றில் சாய்ந்த கித்தா மரம் ஒன்று கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டிச் செதுக்கினேன். பச்சை மரம், கத்தி பட்ட இடமெல்லாம் ஈரம். நண்பன் மாணிக்கம் ஸ்டோரில் ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகை வீட்டைப் பார்த்துக்கொள்பவன். "காயவைக்கிறது என் பொறுப்பு" என்று வாங்கிப்போய், ரப்பர் ஷீட்டுகளோடு ஷீட்டாக மூங்கிலில் தொங்கவிட்டான். ஒரு வாரத்தில் எடுத்தபோது அட்டக்கரி. வெளியே விறைப்பாக இருந்தது. உள்ளே இன்னும் பச்சை என்பதை எங்களுக்கு யார் சொல்வது? வாடையோ, அறைக்குள் வைத்தால் நான் வெளியே படுக்கவேண்டியிருந்தது.

அடுத்தது கழுத்தின் குறுக்கே பதிக்கும் கம்பிகள். பால் பிடிக்கும் கிண்ணத்தைக் கித்தா மரத்தில் கட்டும் கம்பி இருக்கவே இருக்கிறது, தட்டி நறுக்கிக்கொண்டேன். எங்கெங்கே பதிப்பது என்று பார்க்கப் பழைய கழுத்தின் மூன்று துண்டுகளையும் தரையில் சேர்த்துவைத்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே இரண்டு கம்பிகளுக்கு நடுவே தாராளமாக இடம். கீழே வர வர இடைவெளி குறுகி, கடைசியில் கம்பிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"பாத்தியாடா, சீமை வேலையின் லட்சணத்தை?" என்றேன் மாணிக்கத்திடம். "மேல அளவில்லாம விட்டுட்டு, கீழ இடம் பத்தாம நெருக்கி அடிச்சிருக்கான். நம்ம தோட்டத்துல இப்பிடி நிரை பிடிச்சா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருவாங்க."

"கள்ளுக்கடை மூடுற நேரமா இருந்திருக்கும்" என்றான் மாணிக்கம்.

அந்த முகம் தெரியாத வெள்ளைக்காரத் தச்சனுக்காக நான் வெட்கப்பட்டேன். அவன் தப்பைத் திருத்துவது என் கடமை என்றும் பட்டது. நூல் பிடித்தேன். குச்சி வெட்டி அளவு எடுத்தேன். எல்லாக் கம்பிகளையும் ஒரே இடைவெளியில், என் நிரையைப் போலவே அச்சாகப் பதித்தேன். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். கண்ணீரே வந்துவிட்டது.

கழுத்தைப் பெட்டியோடு ஒட்டப் பசை? "ஸ்டோர்ல பால் நிறைஞ்சு கெடக்கு, பசைக்கு அலையுறியே" என்றான் மாணிக்கம். ரப்பர் பாலை ஊற்றி, உறையவைக்கும் ஆசிட்டும் விட்டு ஒட்டினோம். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

தந்தி கட்டி முடித்தது நாடகத்துக்கு முந்தின நாள். எனக்குத் தெரிந்த ஒரு பஜனைப் பாட்டை வாசித்தேன். பாட்டு வரவில்லை. அதன் தூரத்துச் சொந்தக்காரன் எவனோ வந்தான். மாணிக்கம் காதைக் குடைந்துவிட்டுச் சொன்னான்: "புதுசு இல்லையா, கைக்குப் பழகணும். புதுச் செருப்பு கடிக்காதா?" நானும் அதை நம்பினேன். கம்பிகள் கீழே வர வரக் குறுகினால்தான் சுரம் சேரும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

மறுநாள் பொழுது சாய நாடகம் தொடங்கியது. கோயில் பக்கத்தில் மூன்று தோட்டத்து ஜனமும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்களும் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் ராசம்மா. எனக்கு மேடையில் மண்டோரின் காலடியில் இடம். அவர் நாட்டையும் ராணியையும் இழந்து காட்டில் நின்று அழும் கட்டம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மண்டோர் சுருதிக்குக் கட்டுப்பட்ட மனுஷர். ஆர்மோனியம் எங்கே போகிறதோ அங்கே குரலைக் கொண்டுபோவார். தாமாக ஓர் அடி எடுத்துவைக்க மாட்டார். ஆர்மோனியக்காரர் அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

நான் தந்தியை மீட்டினேன். ராஜா "ஐயோ தெய்வமே" என்று சரியாகத்தான் எடுத்தார். அடுத்த கம்பியில் விரலை வைத்தேன். கித்தார் எங்கோ போனது. ராஜா ஒரு விநாடி திகைத்துவிட்டு, விசுவாசமாகப் பின்னாலேயே போனார். அடுத்த கம்பி, அதற்கும் போனார். எந்த ராகத்திலும் இல்லாத ஓர் இடத்தில் நின்று அழுதார். பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

அதற்குள் பெட்ரோமாக்ஸ் சூட்டில் உள்ளே இருந்த பச்சை மரம் தன் வேலையைக் காட்டியது. கழுத்து மெல்ல வளைந்தது. தந்தி தொய்ந்து சுருதி இறங்கியது. ராஜாவும் இறங்கினார், அடித்தொண்டையில் எருமை மாதிரி. நான் பதறி முறுக்காணியைத் திருகினேன். சுருதி ஏறியது, ராஜா கீச்சுக் குரலுக்கு ஏறினார். திருகின வேகத்தில் கழுத்து இன்னும் வளைந்தது. மறுபடி இறங்கினார். நான் திருகத் திருக அவர் ஏறுவதும் இறங்குவதுமாக, நாட்டை இழந்த ராஜா கிணற்று வாளிபோல் போய்வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்த பார்வையில் மட்டும் நடிப்பு இல்லை.

கடைசித் திருகலில் மாணிக்கத்தின் பசை மனம் மாறியது. கழுத்து பெட்டியை விட்டு மெல்ல எழும்பி முன்னால் மடங்கியது. பிரிந்து வந்தாலாவது பரவாயில்லை, அடியில் ரப்பர் சவ்வாக இழுபட்டுக்கொண்டே வந்தது. தந்திகள் படபடவென்று அறுந்தன. இழுபட்ட ரப்பர் கழுத்தைச் சுண்டிவிட்டது. அது எகிறி ராஜாவின் தலையில் பட்டு, கிரீடம் பறந்து மத்தளக்காரர் மடியில் விழுந்தது.

ராஜா பாட்டை நிறுத்தவில்லை. வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, "இதுவும் போச்சே தெய்வமே" என்று முடித்தார்.

சனம் உருண்டது. மலாய்க்காரர்கள் "லாகி, லாகி" என்று இன்னொரு தரம் கேட்டுக் கைதட்டினார்கள். நான் ராசம்மாவைப் பார்த்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். சிரிப்புத்தான். கிராணியின் பல் எனக்கு முன்னால் வந்து நின்றது. எல்லாம் போச்சு என்று எழுந்து ஓடிவிட்டேன்.

மறுநாள் மண்டோரே எங்கள் லயத்துக்கு வந்தார். மாமா பின்வாசல் வழியாக எங்கோ போய்விட்டார். நான் எழுந்து நின்றேன். அடி வாங்கத் தயாராக வேட்டியையும் இறுக்கிக்கொண்டேன்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். பிறகு, "இத்தனை வருஷமா அழுதிருக்கேன் தம்பி. பாதிச் சனம் தூங்கும், மீதி எந்திரிச்சுப் போயிரும். நேத்து ஒருத்தன் கண்ணை மூடலை" என்றார். தலையைத் தடவிக்கொண்டார். "வலிக்குது. ஆனா அடுத்த தோட்டத்துலயும் கேக்குறாங்க. சபை மெச்சினா தாம்பூலம்னு சொன்னேன், சொன்னது சொன்னதுதான். நீ அந்தச் சனியனை ரிப்பேர் பண்ணாம அப்பிடியே எடுத்துக்கிட்டு வந்துரு."

தாம்பூலம் மாற்றினோம். அடுத்த தோட்டத்து நாடகத்துக்கு மறுபடி ஒட்டித் தந்தி கட்டினால், கழுத்து அதற்குள் நன்றாகக் காய்ந்து, வளைந்தபடியே விறைத்து அசையாமல் நின்றுவிட்டது. வளைவில் தந்தி உயர்ந்து நின்றதால் கம்பியில் விரலை அமுக்கவே முடியவில்லை, ஒரே சுருதிதான் வந்தது. ராஜா ஒழுங்காக அழுதார், சனம் ஒழுங்காகத் தூங்கியது. மாமனார் என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. ஆனால் கல்யாணம் முடிந்திருந்தது.

கித்தார்ப் பெட்டி அடுப்புக்குப் போனது. கழுத்தை மட்டும் ராசம்மா விடவில்லை. கம்பிகள் ஒரே இடைவெளியில் இருந்ததால் அளவுகோலாக வைத்துக்கொண்டாள். பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறை சுவரோரம் நிறுத்தி அதை மேலே மேலே வைத்து அளப்பாள். "பெரியவன் இந்த வருஷம் ரெண்டு கம்பி வளந்துட்டான்" என்பாள். கோல் வளைந்து நீளம் குறைந்திருப்பதால் எல்லோரும் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வளர்ந்தார்கள். ஓங்குதாங்கான குடும்பம் என்று நாங்களே நம்பியிருந்தோம்.

பெரியவன் சிரம்பானுக்குப் போலீஸ் வேலைக்கு ஆளெடுக்கும் இடத்துக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. உயரம் பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என் முன்னால் அந்தக் கழுத்தைப் போட்டு, "என்ன அளவுப்பா இது?" என்றான்.

ராசம்மாதான் அதை எடுத்துத் துடைத்து, ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"உங்கப்பா நிரையெல்லாம் சரியாத்தான்டா பிடிச்சாரு. மரந்தான் வளைஞ்சுபோச்சு."