சிலிக்காச் செம்மலுக்கு ஒரு வாழ்த்து மடல்

ஆதியில் சிலிக்கா இருந்தது. நாமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள். உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி சிலிக்கா. கைபேசியின் மூளை அதிலிருந்து பிறந்தது. காலையில் பல் துலக்கிய பசையிலும் அது உண்டு. பட்டுப்புடவைப் பெட்டியில் ஈரம் உறிஞ்சப் போடும் குட்டிப் பொட்டலமும் அதுவே. அம்மன் மணலைப் பிடித்து லிங்கம் செய்த காஞ்சிபுரத்துக்காரனுக்கு மணலின் மகிமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லித்தர ஒருவர் முன்வந்தார். அவர் மாகறல் ரோட்டில் ஜல்லி கிரஷர் நடத்தும் மாணிக்கவேல்.

அடியேன் பரமசிவம். பெரிய காஞ்சிபுரத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பில் புக், வருகைப் பதிவேடு எல்லாம் அடிப்பேன். எதை அடித்தாலும் அடியில் அச்சகத்தின் பெயரும் என் வாட்ஸ்அப் எண்ணும் இருக்கும். ஆனால் ஊரில் என் பெயர் நிற்பது வாழ்த்து மடலில்தான். யாருக்குச் சால்வை போர்த்தினாலும் சட்டம் போட்ட வாழ்த்து மடல் ஒன்றும் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுப்பவரின் கையெழுத்தும் முத்திரையும் இல்லாத மடல், வாங்குகிறவருக்கு அவமரியாதை. முப்பது வருடத்தில் நான் 'கொடை வள்ளலே' என்று எழுதாத கஞ்சன் இந்தத் தாலுகாவில் இல்லை.

மாணிக்கவேலுக்கு 'தொழிலாளர் நேசர்' விருதின் மேல் ஆசை வந்தது. சென்னையில் ஏதோ ஓர் அமைப்பு தருகிறதாம். இருபது வருடம் உழைத்த தொழிலாளி ஒருவரைக் கௌரவிக்கும் படம் அனுப்ப வேண்டும் என்பது விதி. இங்கேதான் ஒரு சிறிய 'நிர்வாகச் சிக்கல்'. கிரஷரில் இப்போது இருப்பவர்கள் எல்லாரும் வந்து ஆறு மாதம்தான். பழைய ஆட்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் முனுசாமி ஒருவர்.

முனுசாமி இருபத்திரண்டு வருடம் கிரஷர் வாயில் கல் தள்ளியவர். வயது நாற்பத்தெட்டு. நாலு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவார். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே முழுக்கக் கல்தூள், அதாவது அதே சிலிக்கா என்றார். தொழில்நோய் என்று பதிவானால் வீட்டுக்கு ஆக்சிஜன் மிஷின் கிடைக்கும். அதற்கு அவர் கிரஷரில் வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும். அவர் மனைவி மேரி தொழிலாளர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தாள். மூன்று முறையும் மாணிக்கவேல் தம் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். அதில் முனுசாமி என்று ஒருவர் பிறக்கவே இல்லை.

"பதிவேட்டில் இல்லாத ஆளுக்குச் சால்வையா?" என்று பணிவோடு கேட்டேன்.

"பேப்பர்லதான்பா இல்ல. மேடைக்கு ஆளு வேணுமில்ல? கூட்டிக்கினு வா," என்றார்.

முனுசாமி வீட்டுக்குப் போய் விழாவின் சிறப்புகளை விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சால்வ எதுக்குபா எனக்கு? அங்க வேல செஞ்சன்னு ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லு, போதும்," என்றார். இதைச் சொல்லி முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

சீட்டு நிர்வாகத்தைச் சேர்ந்தது, என் இலாகா வாழ்த்து மட்டுமே என்றேன். மேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதறத பாத்து எழுதுங்கண்ணா," என்றாள்.  அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மடல் எழுதினேன். "சிலிக்காச் செம்மலே! 1999 தை முதல் 2021 வைகாசி வரை எங்கள் கிரஷர் வாயில் நின்று, முகத்துக்கு ஒரு துணிகூட வாங்காமல், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் கல்தூளையே காற்றாய்ச் சுவாசித்த கடமை மறவரே! தூசி அடக்கத் தண்ணீர்க் குழாய் 'அடுத்த வருஷம்' என்று நாங்கள் இருபத்திரண்டு முறை சொன்னபோதும் முகம் சுளிக்காத பொறுமைக் கடலே!" இப்படி ஒரு பக்கம்.

மாணிக்கவேல் அதை வாசிக்கவில்லை. பெரிய மனிதர்கள் வாசிப்பதில்லை. தம் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதா, படத்தில் தலைமுடி கறுப்பாக இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்தார். கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையை இரண்டு தரம் குத்தினார்.

விழாவில் அவர் சிலிக்காவின் குணநலன்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அது இரும்பையும் கீறும். தண்ணீரில் கரையாது. ஆயிரத்து எழுநூறு டிகிரி இல்லாமல் உருகாது. நானும் கைதட்டினேன். மேடையில் உட்கார்ந்திருந்த முனுசாமியின் நெஞ்சுக்குள்ளும் அது அதே குணத்தோடுதான் இருந்தது. கரையவே இல்லை.

பிறகு நான் மடலை வாசித்தேன். எங்கள் ஊரில் மடல் வாசிக்கும் நேரம், சபை டிபன் பொட்டலம் வாங்கும் நேரம். ஆனாலும் ஒவ்வொரு 'லே'க்கும் 'ரே'க்கும் கைதட்டல் விழுந்தது. மாணிக்கவேல் படத்துக்குச் சிரித்துக்கொண்டே அவரும் தட்டினார்.

ஏற்புரைக்கு மைக்கை முனுசாமியிடம் நீட்டினார்கள். அவர் சால்வைப் பெட்டியில் ஈரம் உறிஞ்சப் போட்டிருந்த குட்டிச் சிலிக்காப் பொட்டலத்தை எடுத்து உயரப் பிடித்தார்.

"இத தின்னாதீங்கன்னு மேல எழுதியிருக்குது. பட்டுத்துணி வாங்கறவங்களுக்குக்கூட சொல்லி அனுப்புறாங்க. எங்களுக்குத்தான் யாரும் சொல்லல," என்றார். நகைச்சுவை என்று நினைத்துச் சபை சிரித்தது.

திங்கட்கிழமை மேரி சட்டம் போட்ட மடலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். தொழிலாளர் அலுவலகத்தில் ரேணுகாம்பாள் என்ற அதிகாரி அதை வாசித்தார். இந்த ஜில்லாவில் என் மடல் ஒன்றை முழுதாக வாசித்த முதல் ஆள் அவர்தான். கையெழுத்து இருக்கிறது, முத்திரை இரண்டு இருக்கிறது. உடனே மாணிக்கவேலுக்கு நோட்டீஸ் போனது. அடியேனுக்கும் ஒன்று வந்தது.

விசாரணையில் மாணிக்கவேல் பதறவில்லை. பதிவேட்டை மேசைமேல் வைத்தார்.

"வாழ்த்து மடல்ல எழுதறத எல்லாம் யாராவது நெசம்னு எடுத்துக்குவாங்களாம்மா? போன மாசம் என்னையே 'ஏழைகளின் விடிவெள்ளி'ன்னு எழுதினாரு இந்த ஆளு. அது என்ன நெசமா?" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது.

ரேணுகாம்பாள் பதிவேட்டைத் தம் பக்கம் இழுத்தார். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பிறகு மடலின் அடியைப் படித்தார். மேரி முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். வெளியே நாற்காலியில் முனுசாமி இருமுவது உள்ளே கேட்டது.

"ரெண்டுமே உங்க அச்சகம்தான் பரமசிவம் சார். 1999ஆம் வருஷத்துப் பதிவேட்டுல உங்க வாட்ஸ்அப் நம்பர் எப்படி வந்துச்சு?"

மாணிக்கவேல் என்னைப் பார்த்தார். மேரியும் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் மாணிக்கவேல் கேட்டபடி, பழைய தேதிகள் போட்டு, முனுசாமியை விட்டுவிட்டு, அந்தப் பதிவேட்டை அழகாக அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

"இதுல எது நெசம், எது பொய்?" என்று அதிகாரி கேட்டார்.

"மடல்னா பொய்யா எழுதித்தான்மா எனக்குப் பழக்கம்," என்றேன். "இந்த ஒண்ணுல எழுத பொய்யே கிடைக்கல. கையிருப்புல இருந்தத எல்லாம் அந்தப் பதிவேட்டுலயே போட்டுத் தீத்துட்டேன்."