சோடா அண்ணனும் சனிக்கிழமை எண்ணெயும்

கோயம்புத்தூரிலேயே எலுமிச்சம்பழத்தைக் கண்டு பயந்த ஒரே ஆம்பளை எங்கள் சோடா அண்ணன்தான்.

சிங்காநல்லூர்ப் பக்கம், சலவை பவுடரில் கலக்கும் என்சைம் செய்கிற சின்ன ஆலை அது. ரத்தக் கறை, குழம்புக் கறையை அறுத்தெடுக்கிற சரக்கு. அதைச் சுரப்பது ஒருவகை பாக்டீரியா. மற்ற கிருமிகள் செத்துப்போகும் சலவை சோடாத் தண்ணீரில்தான் அது குஷியாக வளரும். வளர வளரத் தானே புளிப்பைக் கக்கித் தண்ணீரைக் கெடுத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் சலவை சோடாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவர் அண்ணன்.

ஆலை வாசலிலேயே வருகிறவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார்.

"ஏனுங்க, புளிச்சோறுங்களா? உள்ள தொட்டியில நம்ம புள்ளைங்க இருக்குதுங்க. மரத்தடியில உக்காந்து தின்னுபோட்டு வாங்க."

தண்ணீரில் சோடா போதுமா என்று காட்டும் மீட்டரை நம்ப மாட்டார். தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விரலிடுக்கில் தேய்ப்பார். வழுக்கினால் சோடா போதும். வழுக்காவிட்டால் ஊற்று. அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம். பெரும்பாலும் மீட்டர்தான் தோற்கும்.

நான் அங்கே புது கெமிஸ்ட். ஒரு சனிக்கிழமை காலை மீட்டர் இறங்கிக்கொண்டே போனது.

"அண்ணா, சோடா ஊத்தட்டுங்களா?"

"வேண்டாமுங்க கண்ணு. சும்மா வழுவழுன்னு இருக்குது."

மீட்டரா, அண்ணனா? அண்ணன் என்று முடிவுசெய்து, சோடா தேவையில்லை என நோட்டில் கையெழுத்துப் போட்டேன். மத்தியானத்துக்குள் நுரை அடங்கித் தொட்டி குட்டைபோலக் கிடந்தது. ஃப்ரிட்ஜ் கெட்டு, சேமித்து வைத்த பாக்டீரியா வித்தெல்லாம் முந்தின வாரமே போயிருந்தது. ஆலைக்கு மிச்சமிருந்த உயிர் அந்தத் தொட்டியில்தான்.

அண்ணன் விரலை முகர்ந்து பார்த்தார்.

"காலையில ஊட்டுல எண்ணெ தேச்சுக் குளிச்சுபோட்டு வந்தேனுங்க."

வழுக்கியது நல்லெண்ணெய்.

சீயக்காய் போட்டு மூன்று முறை கை கழுவினார். பொழுது சாயும்வரை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார், தேய்த்தார், ஊற்றினார். மெல்ல நுரை எழும்பியது. தொட்டி பிழைத்துக்கொண்டது. நோட்டில் இருந்ததோ என் கையெழுத்து. திங்கட்கிழமை என்னை வேலையை விட்டு அனுப்பும் கடிதம் மேனேஜர் மேசையில் தயாராக இருந்தது.

அண்ணன் உள்ளே வந்தார். "நாந்தானுங்க வேண்டாமுன்னு சொன்னேன்."

"நீங்க அன்னிக்கு வேலைக்கே வரலீங்களே," என்றார் மேனேஜர். "மிஷின்ல பதிவு இல்ல. வராத ஆளு மேல நான் என்னன்னு நடவடிக்கை எடுக்கறது?"

வருகைப் பதிவுக்கு மேனேஜர் அறை வாசலில் புதிதாகக் கைரேகை மிஷின் மாட்டியிருந்தார்கள். வருடக்கணக்கில் சோடாவைத் தேய்த்த விரல்களில் ரேகை ஏது? மிஷினைப் பொறுத்தவரை அண்ணன் இன்னும் பிறக்கவே இல்லை.

நேரே போய் அதன் முன்னால் நின்றார். கட்டைவிரலை வைத்தார். உள்ளிருந்த பெண்குரல் மறுபடி முயலச் சொன்னது. ஆள்காட்டி விரல். மறுபடி. பத்து விரலும் தீர்ந்து திரும்பக் கட்டைவிரலுக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, சனிக்கிழமை நான் வந்திருந்தேனுங்க. தப்பு என்னுதுங்க. அந்தப் புள்ள மேல ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் பதிஞ்சுக்கங்க."

மேனேஜர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண்குரலிடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். எனக்காக அவ்வளவு மரியாதையாகக் கெஞ்சிய இன்னொருவரைப் பார்க்கவில்லை.